நாலாவது கதவின் எண்ணிக்கை

இதைச் சொன்னால் பாதிப் பேர், "நல்லா பப்ளிசிட்டி பண்றீங்க மேடம்" என்று சிரிக்கிறார்கள். பப்ளிசிட்டி என் தொழில்தான், மறுக்கவில்லை. பதினான்கு வருடமாக இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறேன். கொட்டுகிற மழையிலும் அரங்கை நிரப்பிக் காட்டுவேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் இனி நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களையும் எண்களையும் அன்றைக்கு என் நோட்டில் எழுதியபடியே தருகிறேன்.

நன்றாகப் பாடுவது பாடகர் பாடு. வந்தவர்களை உட்கார வைத்து, பத்திரமாக வெளியே அனுப்புவது என் பாடு. அதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கதவிலும் ஓர் ஆள். அவர் கையில் ஒரு வாக்கி-டாக்கி, ஒரு கிளிக்கர். ஆள் உள்ளே வர வர, கட்டைவிரலால் கிளிக்கரை அழுத்துவார். 'டக்' என்று எண் ஒன்று ஏறும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவு வரிசைப்படி வாக்கியில் எண்ணைச் சொல்ல வேண்டும். ஊர்க்கதை கூடாது.

அன்றைய நிகழ்ச்சி நடந்த அரங்கில் எழுநூறு இருக்கை, நான்கு கதவு. நாலாவது கதவு மேடைக்குப் பக்கவாட்டில், பெண்கள் கழிவறையைத் தாண்டிப் போகும் ஒரு சின்ன நடையின் கோடியில் இருந்தது. திறந்தால் பின் சந்து. போன நிகழ்ச்சியில் யாரோ புண்ணியவான் அதை உள்ளிருந்து திறந்துவிட்டு, மச்சான், சகலை, சகலையின் நண்பன் என்று நாற்பது பேரை டிக்கெட் இல்லாமல் உள்ளே ஏற்றிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அதனால் இந்த முறை நாலாவது கதவுக்கு உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

விதி தெரியாமல் செய்யவில்லை. ஆள் இருக்கும்போது எந்தக் கதவையும் பூட்டக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். மூன்று மணி நேரம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"சாவி வாட்ச்மேன்கிட்டதானே இருக்கு?" என்று என் கணவர் கேட்டார். முதல் கதவு அவர் பொறுப்பு.

"ஆமா" என்றேன்.

பொய். வாட்ச்மேனிடம் கொடுத்தால் யாராவது கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்துவிடுவார்கள். சாவி என் கைப்பையில் இருந்தது. நாலாவது கதவின் வாக்கியும் கிளிக்கரும் அதே பையில்தான் கிடந்தன. வாக்கியின் பேட்டரியைக் கழற்றியிருந்தேன். கிளிக்கரில் பூஜ்யம்.

அன்று என் கணவரின் அக்காவும் வந்திருந்தார். நான் நடத்தும் நிகழ்ச்சிக்கு முதல் முறையாக வருகிறார். எங்களுக்குள் அவ்வளவாக ஒத்துப்போகாது. "பாஸ் குடுத்தவ கொஞ்சம் முன் வரிசையில குடுத்திருக்கலாம்" என்று உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "அடுத்த தடவை பாத்துக்கலாம் அண்ணி" என்றேன்.

மாலை 5:25. கதவு திறப்பதற்கு முன் வாக்கியில் வருகைப் பதிவு.

"ஒண்ணு ரெடி."

"ரெண்டு ரெடி."

"மூணு ரெடி."

வாக்கியைக் கீழே வைக்கப் போனேன்.

"நாலு... ரெடி."

வயதான ஆண் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது. என் கணவர்தான் குரல் மாற்றி வம்பு பண்ணுகிறார் என்று நினைத்து முதல் கதவுக்குப் போனேன். அவர் இரண்டு கைகளாலும் விளம்பரப் பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். வாக்கி இடுப்பில் தொங்கியது.

"நாலுன்னு சொன்னது யாருங்க?"

"நாலா? மூணோட முடிஞ்சிடுச்சேம்மா."

பையைத் திறந்து பார்த்தேன். நாலாவது வாக்கி பேட்டரி இல்லாமல் செத்துக் கிடந்தது. பக்கத்தில் எங்கோ வேறு யாரோ இதே அலைவரிசையில் பேசுகிறார்கள் என்று முடிவு பண்ணினேன். தொழிலில் இது சகஜம்தான். ஆனாலும் அதற்குப் பிறகு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

6:00. ஒண்ணு, எண்பத்தி நாலு. ரெண்டு, அறுபத்தொண்ணு. மூணு, தொண்ணூத்தி ஏழு.

"நாலு... சைபர்."

6:15. மூன்று கதவுகளும் எண் சொன்னார்கள். கூட்டம் நன்றாக வந்துகொண்டிருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"நாலு... அம்பத்தெட்டு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மறுபடியும் எவனோ கதவைத் திறந்து ஆள் ஏற்றுகிறான்! அந்த நடைக்கு ஓடினேன். ஒருவரும் இல்லை. சங்கிலி போட்டபடி இருந்தது. சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

பூட்டு சூடாக இருந்தது.

வெயில் படாத இடம். ஏசி குளிர் வேறு. கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாவி பற்றியும் சொல்ல வேண்டும்.

6:30. நிகழ்ச்சி தொடங்கியது. முதல் பாட்டுக்கே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மேடைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

7:00. உள்ளே அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். அரங்கம் நிறைந்துவிட்டது. மூன்று கதவுகளிலும் எண்ணிக்கை நின்றது.

"நாலு... நூத்தியெழுபது."

7:20. ஒலி மேசையிலிருந்து சவுண்ட்காரர் 'ஒன்-டூ' கூப்பிட்டார். மைக்கைத் தொட்டாலே 'ஒன் டூ த்ரீ' சொல்கிறவர். எல்லோருக்கும் அவர் ஒன்-டூதான்.

"அக்கா, மேடை ஓரத்து மைக்ல ஒரு சத்தம் வருது. கேளுங்க."

ஹெட்போனைக் காதில் வைத்தேன். பாட்டுக்கு அடியில்...

டக்.

டக். டக்.

"கிளிக்கர் மாதிரி இல்ல?" என்றார்.

அந்த மைக்குக்கு நேர் பின்னால்தான் நாலாவது கதவு.

7:30. மூன்று கதவுகளும், "மாத்தமில்ல" என்றார்கள்.

"நாலு... இருநூத்தி முப்பத்தொண்ணு."

'டக்' சத்தம் அதோடு நின்றுபோனதாக ஒன்-டூ சொன்னார். எனக்கு அது இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது. அந்த ஆள் எண்ணி முடித்துவிட்டார். எதை எண்ணினார்?

7:45.

"ஒண்ணு, மாத்தமில்ல."

"ரெண்டு, மாத்தமில்ல."

"மூணு, மாத்தமில்ல."

கொரகொரவென்று இரைச்சல்.

"நாலு... திறங்க."

பொத்தானை அழுத்தி, "யாரு?" என்றேன்.

"சாவி உங்க பையில..."

ஓடினேன்.

அந்த நடையில் விளக்கு எரிந்தது. ஆனாலும் கண் கூசுவது போல, எரிவது போல இருந்தது. சாவியை எடுத்தேன். கை வழுக்கியது. கீழே விழுந்தது. மறுபடி எடுத்தேன்.

பூட்டைத் தொட முடியவில்லை.

அப்படி ஒரு சூடு. முந்தானையைச் சுற்றிப் பிடித்துச் சாவியைத் திருப்பினேன்.

7:49. சங்கிலி விழுந்தது. கதவைத் தள்ளினேன்.

சந்தில் யாருமில்லை.

வாக்கி அமைதியானது.

பைத்தியக்காரி மாதிரி நின்றேன். மறுபடி பூட்டிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றும் உடம்பு பதறுகிறது.

7:52. மேடை விளக்குப் பெட்டி ஒன்று வெடித்தது. திரை பற்றிக்கொண்டது.

புகை எவ்வளவு வேகமாக இறங்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்வரிசைக்காரர்கள் மூன்று கதவுகளுக்கும் போனார்கள். முன்வரிசைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்தது நாலாவது கதவுதான். அது திறந்திருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். பிறகு புகை என்னையும் சந்துக்குத் தள்ளிவிட்டது.

கடைசியாக அண்ணி வந்தார். தலையெல்லாம் கரி. கழிவறைக்குப் போயிருந்தாராம். ஆயுசில் முதல் முறையாக நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை.

"உன் ஆள் இல்லேன்னா நான் அங்கயே போயிருப்பேன்" என்றார் அண்ணி.

"எந்த ஆளு அண்ணி?"

"இந்தக் கதவுல நின்னாரே, பெரியவர். கையில டக் டக்குனு ஒண்ணு வச்சிருந்தாரு. புகைக்குள்ள வந்து என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு. கைதான் அப்படிச் சுட்டுச்சு..."

மணிக்கட்டைக் காட்டினார். நான்கு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

அந்தக் கதவில் நான் யாரையும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை பையைக் கவிழ்த்தேன். பேட்டரி இல்லாத வாக்கி விழுந்தது. பின்னாலேயே கிளிக்கர் விழுந்தது.

0231.

பையில் அமுங்கியிருக்கும் என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம். பிறகு சந்தின் கேமராப் பதிவைப் போட்டு, நாலாவது கதவு வழியாக வந்தவர்களை இரண்டு பேருமாக எண்ணினோம். நிறுத்தி நிறுத்தி, மூன்று முறை எண்ணினோம். என்னையும் சேர்த்து இருநூற்று முப்பத்தொன்று. கடைசி ஆள் அண்ணி. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது, யாரோ பிடித்து இழுப்பது போல. முன்னால் யாருமில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு என் கணவர் திரையை அணைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, அரங்கத்து வாட்ச்மேனைத் தேடிப் போனேன். இருபத்தாறு வருடமாக அங்கே இருப்பவர். அரங்கத்துக்குப் பெயர் மாற்றுவதற்கு முன்பிருந்தே இருக்கிறார்.

"இங்க முன்னாடி ஏதாவது நடந்திருக்கா?" என்றேன்.

அவர் நாலாவது கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு தடவை பத்திக்கிச்சும்மா. இதே மாதிரி கச்சேரிதான். ஓசியில ஆள் வர்றாங்கன்னு நாலாவது கதவைப் பூட்டியிருந்தாங்க. அந்தக் கதவுல ஒரு பெரியவர் நின்னுட்டிருந்தாரு. ஆளுங்களை எண்ணுறவரு. ஓடியிருக்கலாம், ஓடல. கடைசி வரைக்கும் பூட்டை இழுத்துப் பாத்திருக்காரு."

"எப்படித் தெரியும்?"

"மறுநாள் பூட்டைத் தனியா எடுக்க முடியலம்மா. கையோட இருந்துச்சு."

பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"சாவி... யார்கிட்ட இருந்துச்சு?"

"நடத்துனவங்க பையில."

மடியில் இருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தேன்.