நம்பர் அழிந்த கற்கள்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுப்பேன்... கடைசியில் அந்த வாரமும் வெயிலைப் பற்றியோ டவுன் பஸ்ஸைப் பற்றியோ எழுதி அனுப்பிவிடுவேன். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிற உங்களிடம் வீட்டு விஷயம் எதையும் நான் மறைத்ததில்லை. இதை மட்டும் மறைத்தேன். எழுதினால் தனத்தைப் பற்றி எழுத வேண்டிவரும். தனம் என் மனைவி. இப்போது இல்லை.

போன திங்கட்கிழமை எங்கள் ஊர் சிவன் கோயில் வாசலில் ஜேசிபி வந்து நின்றது. இனிமேலும் தள்ளிப்போட முடியுமா?

கோயில் என்று வாய்தான் சொல்கிறது. அங்கே கோயில் இல்லை. வெறும் கற்கள்தான் கிடந்தன.

எங்களுடையது உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பழைய கற்கோயில். மேலே அரசமரம் வேர்விட்டு, சுவரே பிளந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால், இடித்துவிட்டு சிமெண்டில் கட்டலாம் என்றார்கள் பாதிப் பேர். பிரித்து, அதே கல்லை வைத்து அப்படியே திரும்பக் கட்டலாம் என்றோம் மீதிப் பேர். அதிசயமாக எங்கள் கட்சி ஜெயித்தது. சாமியைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினோம். ஏகாம்பரம் என்கிற மேஸ்திரி ஆட்களோடு வந்து, கல் கல்லாகப் பிரித்து அடுக்கினார். ஒவ்வொரு கல்லிலும் செங்காவியில் நம்பர் — எந்தச் சுவர், எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று. பிரித்து முடித்ததும், வேறொரு ஊரில் பாதியில் நின்ற வேலையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அதற்குள் சிவராத்திரி வந்துவிட்டது.

சாமி வீட்டுக் கல் புழுதியில் கிடந்தால் பெண்களுக்கு மனசு கேட்குமா? ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டு, ஒரு கல் விடாமல் தேய்த்தார்கள். கழுவின கல்லுக்கெல்லாம் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். பூவும் வில்வமும் வாங்க நான் காஞ்சிபுரம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நாலைந்து நாள் கழித்து மேஸ்திரி வந்தார். குனிந்து ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது... எய்தி வச்சதெல்லாம் எங்க?"

"நாங்கதான் மேஸ்திரி கழுவுனோம்," என்றாள் தனம். முகமெல்லாம் சிரிப்பு. "உங்க ஆளுங்க கண்ட எடத்துல கிறுக்கி வச்சிக்கிறாங்க. சாமி கல்லு மேல அப்டி கிறுக்கலாமா, சொல்லுங்க?"

மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தனியா எழுதி வச்சிருப்பீங்களே?" என்று கேட்டேன்.

"கல்லு மேலயே கீதுன்னு இருந்துட்டேன் நைனா. கல்லுல எய்துனது எங்க போயிடப் போவுதுன்னு..."

எங்கள் தாலுகாவில் அதை நம்பாதவர் யார்? உத்திரமேரூரில் கல்லில் வெட்டிய எழுத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நிற்கிற எழுத்து அது. எங்கள் எழுத்து ஒரு சீயக்காய்க்குத் தாங்கவில்லை!

மேஸ்திரி அடுக்கிப் பார்த்தார். கல்லுக்கும் கல்லுக்கும் பொருந்தவில்லை. இன்னொருவரை அழைத்துவந்தார். ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் தனம் கோயில் தெருவில் கால் வைக்கவே இல்லை. கொட்டகையில் விளக்கு வைக்க என்னைத்தான் அனுப்புவாள். "நான் வந்து நின்னா சாமி இன்னா நெனைக்கும்?" என்பாள். போன மழைக்காலத்தில் போய்விட்டாள்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். புதுக் கோயிலுக்கு அஸ்திவாரக் குழி எடுத்திருந்தார்கள். பழைய கல்லையெல்லாம் அதில் தள்ளி, மேலே கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. கமிட்டித் தலைவர் தசரதன் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தான். தூரத்து உறவு, எனக்கு மருமகன் முறை.

"இந்தக் கல்லயெல்லாம் வுட்டுடேன்பா. ஓரமா கெடந்துட்டுப் போவட்டும்," என்றேன்.

"ஓரம் எங்க கீது மாமா? உள்ள பாம்பு பூந்துக்கினு கீது. உங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்களா?"

மடக்கிவிட்டான். சிவன் கோயில் கல்லை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். துணி துவைக்கிற கல்லாகக்கூடப் போட மாட்டார்கள். நானும் மாட்டேன். காப்பாற்ற நினைக்கிறவனே எடுத்துப்போக முடியாத பொருளை எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

"நாளைக்கே தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து அடுக்குனா?"

"அதுக்குத்தான் அத்தை நாரு போட்டுத் தேச்சிடுச்சே மாமா! அப்ப வுட்டுட்டு இப்ப வந்து கல்லு கல்லுன்னா?"

ஜேசிபி டிரைவர் சிரித்தான். "சீக்கா போட்டுக் குளிப்பாட்டுன கோயிலு இதானா?"

தசரதனின் அம்மாவும்தான் அன்றைக்குக் குடம் சுமந்தாள். நான் சொல்லவில்லை. சொன்னால் ஒருத்திக்குப் பதில் இரண்டு பேரைப் பார்த்துச் சிரிப்பார்கள். வேறென்ன ஆகப்போகிறது?

தள்ளுவதற்கு முன்னால் கற்பூரம் காட்ட வேண்டுமே... தட்டை என்னிடம் நீட்டினான் தசரதன். "தெனம் வெளக்கு வெக்கிற கை. நீங்களே காட்டுங்க மாமா." கேலி இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான். கற்பூரத் தட்டை எப்படி வேண்டாம் என்பது? காட்டினேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவர்கூட செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.

முதலில் வாசற்படிக் கல் போனது. எத்தனையோ கால்கள் மிதித்து நடுவில் பள்ளமான கல். அந்தப் பள்ளம் மண்ணைப் பார்த்தபடி, தலைகீழாகப் போனது.

வீட்டுக்கு வந்தேன். தனம் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்குத் தெரியாமல் இருக்க, பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்திருப்பேன். இன்றைக்கு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு விஷயத்தை மறைப்பதற்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

பழைய கோயில்களை இடிக்கலாமா, காக்கலாமா என்று டவுனில் பேசிக்கொள்கிறார்கள். காக்க வேண்டும் — என் கட்சி இன்றைக்கும் அதுதான். ஆனால் எங்கள் ஊரில் விரோதி என்று கை காட்ட ஒருவரும் இல்லையே! பிரித்தவர், கழுவினவர், தள்ளினவர்... எல்லோருமே கும்பிட்டுவிட்டுத்தான் கை வைத்தார்கள். உங்கள் ஊரில் பிரித்தால், நம்பரைத் தாளிலும் எழுதி வையுங்கள். அது என்ன எழுத்து என்று, குடத்தோடு வருகிற பெண்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் ஊர்ப் பெண்களிடம் யாருமே சொல்லவில்லை. கோயில் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டதும் இல்லை.

இந்தச் சங்கதி இப்போது உத்திரமேரூர் பஸ்ஸில் ஜோக்காக ஓடுகிறது. போனிலும் சுற்றுகிறதாம். அதில் ஒரு முட்டாள் பொம்பளை வருகிறாள். நீங்கள் யாருக்காவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல், எழுதினபடியே சொல்லுங்கள். சாமி வீடு புழுதியாகக் கிடக்கிறதே என்றுதான் அவள் குடத்தை எடுத்தாள்... அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.