ஏழாவது ஆள்

கடற்கரையில் எங்கள் மீன் வாடிக்குள் இருந்தவர்கள் இவர்கள். நான். என் தம்பி. வலை பொத்தும் அண்ணன் தம்பி இருவர், தில்லையடிக்காரர். மீன் லொறிச் சாரதி. சமைக்கிற சாச்சா. பிறகு மச்சான், என் லாத்தாவின் புருசன். அன்று மழை. கடலுக்குப் போகவில்லை. நாலு பக்கமும் தார்ப்பாய்ப் படங்கை இறக்கிவிட்டு உள்ளே இருந்தோம்.

சாச்சா இருமிக்கொண்டே இருந்தார். அவருக்கு எப்போதும் இழுப்பு. கொரோனாக் காலம் என்பதால் வாசலோரம் போய் இருக்கச் சொன்னோம். சாரல் அவர் முதுகில் அடித்தது. மச்சானை நடுவில் இருத்தினோம். படகு எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. கதைத்தால் நேரம் போவது தெரியாது.

"சாச்சா, நீங்க இருமுற சத்தத்துக்கு மீன் எல்லாம் மன்னாருக்குப் போயிரும்" என்றார்.

"போனா நல்லம்தானே. நாங்களும் பின்னால போயிரலாம்."

எல்லாரும் சிரித்தோம்.

நாலாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இருக்கிறது என்றார்கள். சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. என்போம், கொப்பியோடு வந்தார். வாடிக்குப் பொறுப்பு நான் என்பதால், நானா என்று அண்ணன் முறை வைத்து என்னிடம் கேட்டார். "நானா, உள்ளுக்கு இருந்த ஒருத்தரையும் விடாமச் சொல்லுங்க."

ஆறு பேரைச் சொன்னேன். மச்சானைச் சொல்லவில்லை. அந்தக் கிழமை அவர் மகளுக்கு நிக்காஹ். ஊரடங்கால் இரண்டு தரம் தள்ளிப்போனது. இனியும் பொறுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். மச்சானுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஒராள்தானே என்று நினைத்தேன்.

ஆறு பேரில் ஐந்து பேருக்கு இருந்தது. எனக்கும் சாச்சாவுக்கும்கூட. வெளியே போகக் கூடாது என்று கதவில் கடதாசி ஒட்டினார்கள். வீட்டாரையும் சோதித்தார்கள். சாச்சாவோடு ஒரே அறையில் படுக்கும் சாச்சிக்குக்கூட இல்லை.

நிக்காஹ் அன்று காலை பி.எச்.ஐ. என் படலைக்கு வெளியே வந்து நின்றார்.

"நானா, ஒத்து வரல்ல. நீங்க அஞ்சு பேரும் வீட்டுல ஒருத்தருக்கும் குடுக்கல்ல. அப்ப உங்க அஞ்சு பேருக்கும் ஒரே நேரம் குடுத்தது யாரு? இது எல்லாராலயும் ஒரே மாதிரிப் பரவாது. கனபேர் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாங்க. எங்கயோ ஒராள் ஒரு வீட்டையே நிரப்பிருவார். இருமணும் எண்டில்ல, உரக்கக் கதைச்சாலும் போதும். அந்த ஒராளைப் புடிச்சா ஊரைப் பூட்டத் தேவையில்ல."

"தெரியா" என்றேன்.

முகத்தைப் பார்த்தார். தன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுத்தேன். சொன்னால் பந்தலிலிருந்தே மச்சானை ஏற்றிப் போவார்கள். லாத்தா என் முகத்தில் விழிப்பாரா? வைத்தேன். அறைக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். மறுபடி எடுத்தேன். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் சாப்பாடு. எங்கள் வழக்கத்தில் சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். பெண்ணின் வாப்பா சஹன் சஹனாகப் போய், குனிந்து, முகத்துக்கு நேரே வற்புறுத்த வேண்டும். போகாவிட்டால் குறை. மச்சான் குறை வைக்கிற ஆளில்லை. நாலு வளவு தாண்டி அவர் குரல் எனக்குக் கேட்டது.

"என்ன சம்மந்தி, வெக்கப்படுறீங்க? இறைச்சி கடிக்காது, நீங்கதான் கடிக்கணும்!"

பந்தலே சிரித்தது. போன் என் கையில்தான் இருந்தது.

மச்சான் இப்போதும் கடலுக்குப் போகிறார். அவர் மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. சம்மந்தியால் பத்து அடி நடந்தால் மூச்சு எடுக்க முடியாது. அல்லாஹ்வின் நாட்டம் என்று மச்சான் சொல்லிவிட்டார். அவரால் சொல்ல முடியும். பெயரை விட்டவன் நான்.

நிக்காஹ் முடிந்து அடுத்த கிழமை பி.எச்.ஐ. திரும்ப வந்தபோது மச்சானின் பெயரைச் சொன்னேன். கொப்பியைத் திறக்கவில்லை. "இப்ப தெரியும் நானா" என்றார். பந்தலில் வைத்தது ஏழு சஹன். நோய் கண்டு பஸ்ஸில் ஏற்றியது முப்பத்தொரு பேர்.