பேர் போடுற நேரம்

மல்லாக்கொட்டை, அதான் வேர்க்கடலை, வறுக்கிற வாசனை வந்தாலே எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்து சினிமா கொட்டகைதான் ஞாபகம்...

கல்யாணமாகி சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்த புதிது. எங்க வீட்டுக்காரர் கொட்டகை வாசலிலேயே மல்லாக்கொட்டை கொறித்துக்கொண்டு நிற்பார். திரையில் நடிகர், பாட்டுக்காரர் பேரெல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். கதை வரட்டும், பேரில் என்ன இருக்கிறது என்பார்.

எனக்கோ பேர்தான் முக்கியம். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இரண்டெழுத்து கூட்டுவதற்குள் அடுத்த பேர் வந்துவிடும்... ஒரு படத்திலாவது எல்லாப் பேரையும் படித்துவிட வேண்டும் என்று வீம்பு. ஒருநாளும் முடிந்ததில்லை.

அப்போது என் அண்ணன் பாண்டிச்சேரியில் இருந்தார். அங்கே ஒரு ஹாலில் பழைய பிரெஞ்சு படம் போடுகிறார்கள் என்று எங்களைக் கூட்டிப் போனார். வாசலில் மல்லாக்கொட்டை விற்கவில்லை. அதனால் இவரும் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

கறுப்பு வெள்ளைப் படம். ரயில் ஓடுகிறது... அதன் மேல் வெள்ளை எழுத்து. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதின மாதிரி, ரயிலோடு சேர்ந்து சாய்ந்து ஓடியது. ஒரு பேரின் வால் நீண்டு வளைந்து அடுத்த பேரில் போய் முடிந்தது.

இவர் என் பக்கம் குனிந்தார்.

"ஒனக்கு ஏதாவது புரியுதா?"

"ஒங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணும் படிக்க வரல."

"அப்ப பேசாம பாருங்க. அழகா இருக்குது."

பார்த்தார். நானும்தான். துரத்திப் படிக்கிற அவசரம் இல்லாமல் எழுத்தை நான் நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் கடலூரில் எந்தப் படமானாலும், மல்லாக்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போய்விடுவார்.

இப்போது பேத்தி சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள், கெட்டிக்காரி. போன வாரம் லீவுக்கு வந்தவள் டிவியில் ஒரு பழைய பிரெஞ்சு படம் போட்டாள். பேர் வந்ததும், ஸ்கிப் பண்ணிடறேன் என்று ரிமோட்டில் கை வைத்தாள். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த மனுஷன் சொன்னார்:

"கைய எடு பாப்பா. ஒங்க ஆயா எழுத்து பாக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு. வேண்டுமானால் ஒவ்வொரு பேராக நிறுத்திக் காட்டுகிறேன் ஆயா என்றாள். அந்தக் காலத்தில் இந்த வசதி மட்டும் இருந்திருந்தால், ஒரு பேர் விடாமல் படித்திருப்பேன்...

ஓடட்டும் விடு என்றேன். இவர் மெதுவாக எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுத்து சாய்ந்து சாய்ந்து போனது.

மல்லாக்கொட்டை ஒன்றுதான் குறை... கடிக்க இரண்டு பேருக்கும் பல் இல்லை.