இருபது வரை எண்ணும் வைத்தியம்

மூன்று வயதில் என் மகள் சரோஜாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று பயந்தோம். ஆனால் அடுத்த அறையில் பொட்டுக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் முதல் ஆளாக வந்து நிற்பாள். இதே குழப்பத்தோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. ஏதாவது பிடிக்காமல் போனால் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள்.

என் மனைவி காந்தாவின் அண்ணன் ஒருநாள் வந்து, "பேஜாரு புட்ச்ச கேசு மாப்ளே. பைத்தியக்கார ஆஸ்பத்திரில வுட்டுடு" என்றான். அவனை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டேன். பயம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

குழந்தை டாக்டர் எங்களை மனோதத்துவ நிபுணரிடம் (ஊசி மருந்து தராமல், நடத்தையைக் கவனித்து வழி சொல்பவர்) அனுப்பினார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா. பத்து வடிவக் குழிகள் வெட்டிய பலகையையும், அவற்றில் பொருந்தும் கட்டைகளையும் சரோஜாவின் முன் வைத்தார். இவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம் வாங்க" என்றார்.

இதில் தோற்றால் பெண்ணை அடைத்துவிடுவார்கள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ராயபுரத்தில் படகு வேலை செய்யும் தச்சன் நான். ஒருமுறை பார்த்தால் அளவு மனதில் நிற்கும். அன்று மாலையே தேக்கில் அதே பலகையைச் செய்துவிட்டேன். வீடே பரீட்சைக்குப் படித்தது. நான்காம் நாள் சரோஜா கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டே பத்தையும் போட்டாள். சமாதானம் பேச வந்த மச்சான்தான் கடைசிவரை நட்சத்திரத்தை வட்டத்தில் திணித்துக்கொண்டிருந்தான்.

பரீட்சை நாளில் வராந்தாவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று பலகையைப் பையில் வைத்து டிராம் ஏறினேன்.

உள்ளே அந்த அம்மாவின் முக்கோணத்தை எடுத்துக் குழியில் போட்டாள் சரோஜா. பழைய கட்டை, லொடலொடவென்று ஆடியது. எடுத்தாள், முகர்ந்தாள், தள்ளிவிட்டாள். பிறகு எழுந்துபோய் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து என் பையிடம் இழுத்து வந்தாள்.

அவர் பைக்குள்ளிருந்து பலகையை வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"நான்தாம்மா செஞ்சேன். கொய்ந்தைய அடைச்சிடாதீங்கம்மா."

அவர் சிரிக்கவில்லை. "யார் அப்படிச் சொன்னது?"

"என் மச்சான்."

"இந்தப் பலகையை அவரிடம் கொடுத்துப் பார்த்தீர்களா?"

"குட்த்தேன்மா. நட்சத்திரத்துலயே நின்னுட்டான்."

இப்போது சிரித்தார். அடைப்பதற்கான பரீட்சை இல்லை அது. குழந்தைக்கு எதில் கவனம் நிற்கிறது என்று பார்க்கத்தான். "உங்களிடம் இப்படிக் கையைப் பிடித்து எதையாவது கேட்டிருக்கிறாளா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே குட்த்துடுவேம்மா."

"அதுதான். பலகையை அவளிடமே கொடுங்கள். வைத்தியம் உங்களுக்கு. அவள் ஒன்றைப் பார்த்தால் உடனே எடுத்துத் தராதீர்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். அதற்குள் அவளே கையைப் பிடித்துக் கேட்டால் உடனே கொடுங்கள். அழ ஆரம்பித்தால் மட்டும் சோதிக்காமல் கொடுத்துவிடுங்கள்."

கடலில் நாலு கட்டுமரம் விடச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். முதல் வாரம் எண்ணிக்கை ஆறைத் தாண்டவில்லை. கை தானாகப் போய்விடும். மெதுவாகச் சொல்லிப் பழகலாமென்று வாய்விட்டு எண்ணினேன்.

"இன்னாயா, எண்றியா, ரயில் புட்ச்சி ஓடறியா?" என்றாள் காந்தா.

உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். குணமாவது எப்போது என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். சரோஜா இன்னும் பேசவில்லை. சட்டைக் காலரைக் கடித்துத் துப்புகிறாள். என் உடம்புதான் மாறியிருக்கிறது. பதறிக்கொண்டே இருந்த கைகள் இப்போது மடியில் கிடக்கின்றன. இருபது என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை அலமாரி மேலிருந்த அவளுடைய பலகையைப் பார்த்தாள். எண்ணினேன். பதிமூன்றில் என் பக்கம் திரும்பினாள். பதினாறில் பக்கத்தில் வந்தாள். பதினேழில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

உடனே எழுந்திருக்க வேண்டியவன் எழவில்லை. அந்தப் பிடி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று இருபதுவரை எண்ணினேன்.