மூன்று சுற்றுத் துண்டு

துண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுமுனையைத் தலையில் மூன்று சுற்றுச் சுற்றிச் செருகுகிறார் அழகுமலை. துபாய், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் வெள்ளிக்கிழமைக் காலை. மற்றவர்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, இவர் பர் துபாய்க்குக் கிளம்பிவிடுவார். அங்கே கோயில் மாடியில் சீக்கியர்கள் வழிபடும் அறை. தலையை மூடாமல் நுழைய முடியாது. கூட வருகிறவர்களுக்காகப் பையில் எப்போதும் நாலு துண்டு துவைத்து வைத்திருப்பார்.

"என்ன சிங்கு, தாடி எப்ப?" என்பார் பக்கத்துக் கட்டில் காதர் மைதீன்.

"சப்பாத்தி வட்டமா வரட்டும் பாய், வளத்துருவோம்."

தொழில் கட்டடத்துக்குக் கம்பி கட்டுவது. அமிர்தசரஸ் பொற்கோயிலை அவர் பார்த்ததில்லை. கிரேன் ஓட்டும் கிர்பால் சிங் இந்தியில் சொன்னதைப் பஸ்ஸில் கூட வருகிறவர்களுக்குத் தமிழாக்கித் தருவார்: "நாலு தெசைக்கும் நாலு வாசல். யாரு வேணாலும் போகலாம். மத்த கோயிலுக்கு மேல ஏறணும், இதுக்குக் கீழ எறங்கணும். எத்தனையோ தடவ இடிச்சாங்க, கொளத்தத் தூத்தாங்க. திரும்பத் தோண்டிக் கட்டிட்டாங்கல்ல! டில்லி பாதுஷாவையே தரையில உக்கார வச்சுத்தான் அவுங்க குரு சோறு போட்டாராம்."

மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர். அங்கே பெரிய வீட்டுத் தெருவில் நுழைந்தால், அழகுமலையின் சாதி ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். மூன்று வருடம் முன்பு, 1984 தொடக்கத்தில், இந்த மாடிக்கு முதன்முதலாக வந்தபோதும் பழக்கத்தில் அவிழ்த்துவிட்டார். வாசலில் நின்ற வயதான சர்தார் அதட்டினார். "சாமி முன்னால துண்டக் கட்டுடான்னு வஞ்ச மொத ஆளு அவருதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வாரம் அதே பெரிய வீட்டுப் பழனிச்சாமி, விசா வாங்கிக்கொண்டு இதே கேம்ப்புக்கு வந்து சேர்ந்தார்.

"எங்கடா கெளம்பிட்ட? நானும் வர்றேன்" என்றார் இந்த வெள்ளிக்கிழமை.

"வாங்கய்யா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்று பஸ்ஸில் நாலு வாசலும் இல்லை, பாதுஷாவும் இல்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடல் தாண்டி வந்து பழகிய தலை, இந்த ஒரு ஆள் முன்னால் நிமிர்ந்தே இருக்குமா என்பது அவருக்கே தெரியவில்லை.

மாடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பழனிச்சாமி வெறுந்தலையுடன் நின்றார். வழியெல்லாம் காணாததுபோல் வந்தவர் இப்போது அழகுமலையின் தலையை நேராகப் பார்த்தார். "என்னடா, எம் முன்னாடியே துண்டா?" வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

அழகுமலையின் கை மேலே போனது. துண்டைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு செருகலை அழுத்தி இறுக்கிவிட்டு இறங்கி, பைக்குள் போனது.

"கொஞ்சம் குனிங்க பழனிச்சாமி" என்றார். உதறிய துண்டின் ஒரு முனையைத் தன் பல்லால் கடித்துக்கொண்டு, அந்தத் தலையில் முதல் சுற்றைச் சுற்றினார்.