நாற்பது செடி தூரம்

காட்டுக்கோழிக் கறியை நான் தொட்டு அறுபது வருஷமாகிறது. பந்தியில் யாராவது அதன் ருசியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். பிகு பண்ணுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வருவதை நான் என்ன செய்ய முடியும்? அந்த அருவருப்பில் பாதி எங்கள் டீமேக்கர் மீது. மீதிப் பாதி யார் மீது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கண்டாக்கு. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிவிட்டு, பகல் முழுக்க மலை மலையாக ஏறி இறங்கி மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். வயது இருபத்தாறு, காலில் பூட்ஸ், தலையில் தொப்பி, அதற்குள் கொஞ்சம் கனம். தேயிலை அரைக்கிற ஸ்டோர் முழுவதும் டீமேக்கரின் ராஜ்யம். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னைத் தம்பி என்பார். அவரிடம் லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. துரை பங்களாவில் கிறிஸ்மஸுக்கு வான்கோழி அறுப்பார்கள். அந்த யோகம் நமக்கில்லை, நமக்குக் காட்டுக்கோழிதான் தம்பி என்று சொல்லிச் சொல்லியே என்னையும் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்டார் என்று எழுதுவதும் பொய். நானேதான் ஆசையோடு போனேன்.

மூன்று பேர் போவோம். துவக்கோடு அவர், இடம் குறிக்க நான், சேவலைக் கூப்பிட ஓர் ஆள். அந்த ஆள், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற எங்கள் கவ்வாத்துக்காரர்களிலேயே கெட்டிக்காரர். நாற்பது வயதிருக்கும். சரிவில் நின்றபடி ஒரே வெட்டில் கிளையைச் சீவினால், வெட்டுவாய் பிசிறில்லாமல் பளபளவென்று இருக்கும். அடுத்த கவ்வாத்துக்கு அந்தக் கும்பலுக்கு அவரையே கங்காணியாகப் போடுவதாகத் துரை சொல்லியிருந்தார். இப்போது மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அவர் 'அவன்'தான்.

சேவலைக் கூப்பிட அவர் வாயைத் திறக்கமாட்டார். ஈரத் துண்டை மடித்துத் தொடையில் படபடவென்று அடிப்பார். இன்னொரு சேவல் தன் இடத்தில் வந்து இறக்கை அடிக்கிறது என்று நினைத்துக் காட்டுச்சேவல் சண்டைக்குக் கிளம்பி வரும்.

கூப்பிடுகிற ஆளுக்கும் துவக்குக்கும் நடுவில் நாற்பது செடி இருக்க வேண்டும். இது டீமேக்கர் போட்ட சட்டம். தேயிலை மலையில் நாங்கள் யாரும் முழக்கோலை எடுத்துக்கொண்டு அலைவதில்லை. எல்லாத் தூரமும் செடிக் கணக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்துப் பழைய மலைகளில் செடிக்குச் செடி நாலடி. நாற்பது செடி என்றால் நூற்றறுபது அடி. அவ்வளவு தூரம் போவதற்குள் தோட்டாவின் ஈயச் சன்னம் சிதறி வேகம் செத்துவிடும், கம்பளியில் பட்டால் உதிர்ந்துவிடும் என்பது அவர் வாதம். இன்றைக்கு நினைத்தால் அதுவே போதாத தூரம். காட்டுப் பக்கம் பார்த்துத்தான் சுட வேண்டும், ஆள் இருக்கிற பக்கம் குழல் திரும்பக் கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. செடி எண்ணுவது என் பொறுப்பு. நாற்பதாவது செடியடியில் ஆளை உட்காரவைத்து, "நான் வந்து கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாது" என்பேன். அவர் ஒருநாளும் அசைந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீமேக்கர் இடத்தை மாற்றினார். பழைய மலையோரத்தில் கோழி வரத்து நின்றுபோயிருந்தது. சுட்டுத் தின்றே தீர்த்திருந்தோம். "ஆத்தோரத்துப் புது மலைக்குப் போவோம் தம்பி, அங்க கொழுத்துப் போய்த் திரியுது" என்றார்.

புது மலையில் இருந்தது வீ.பி. தேயிலை. விதை போட்டு முளைத்ததல்ல, தண்டை வெட்டி வளர்த்த நாற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் நட்டது, இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதை நட்டபோது இரண்டடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு குச்சி ஊன்றவைத்தவன் நான். இரண்டடி. நாலடி இல்லை. ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் அந்தக் கயிற்றோடு நின்றவனுக்கு, அன்று காலை பனியில் நின்றபோது அந்த நினைப்பு வரவில்லை. வழக்கம்போல ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். நாற்பதாவது செடியில் அவரை உட்காரவைத்தேன். அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றார். திரும்பி வரும்போது சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டது போலிருந்தது. இறக்கமல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

துண்டுச் சத்தம் கேட்டு நல்ல பெரிய சேவல் ஒன்று காட்டை விட்டு வெளியே வந்தது. எங்களைக் கண்டதோ என்னவோ, திரும்பிக் காட்டுக்குள் ஓடாமல் நிரையோடு நிரையாக அவர் இருந்த பக்கம் ஓடியது. குழலும் அதன் பின்னாலேயே திரும்பியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையை நீட்டித் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் என் புத்தி சேவல் விழுமா விழாதா என்பதிலேயே இருந்தது.

வெடித்தது. சேவல் குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. துண்டுச் சத்தம் நின்றுபோனது.

டீமேக்கர் ஓடினார். நானும் ஓடினேன். அவர் சேவலிடம் நின்றார். துடித்துக்கொண்டிருந்ததன் கழுத்தை மிதித்துக்கொண்டு, "நெஞ்சுக் கறியப் பாரு தம்பி" என்றார். அதற்குப் பத்துச் செடி தள்ளி அந்த மனிதர் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தார். விரல் இடுக்கில் இரத்தம் வழிந்தது. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை.

கம்பளியில் வைத்து ரோட்டுக்குத் தூக்கிவந்து, தோட்டத்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் தொழிலாளர் லயத்து ஆட்கள் இரண்டு பேரும் போனோம். டீமேக்கருக்கு ஸ்டோரில் அவசர வேலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் என்ன அவசர வேலையோ! சேவலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் நடையைக் கட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தோளிலும் கன்னத்திலும் இருந்து எடுத்த சன்னங்களை வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டார்கள். இடது கண் தப்பாது என்று டாக்டர் சொன்னார்.

பொழுது சாய வீடு வந்தேன். டீமேக்கர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கறி வந்திருந்தது. காலையிலிருந்து பட்டினி. கேவலம், உட்கார்ந்து தின்றேன். இரண்டாவது வாயில் கடக்கென்று பல்லில் கடிபட்டது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன். ஈயச் சன்னம். பீங்கான் தட்டில் கிடந்தவற்றின் கூடப்பிறப்பு. கொல்லைப்புறம் ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தேன். அதே சட்டியிலிருந்து அடிபட்டவருடைய லயத்துக்கும் ஒரு கிண்ணம் போயிருந்தது என்பது மறுநாள் தெரிந்தது. அவர் மனைவி அதைக் கிண்ணத்தோடு சாக்கடைக் கானில் வீசியிருந்தார்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் புது மலைக்குப் போனேன். முதல் செடிக்கும் இரண்டாவது செடிக்கும் நடுவில் காலை வைத்ததுமே விளங்கிவிட்டது. எண்பதடி. ஆளை எண்பதடியில் உட்காரவைத்திருக்கிறேன். ஈர மண்ணில் அவர் குந்தியிருந்த தடம் நாற்பதாவது செடியடியில் அப்படியே இருந்தது. ஓர் அங்குலம் நகர்ந்த அடையாளம் இல்லை.

அன்று சாயந்தரம் டீமேக்கர் வந்தார். "அவன் நகந்து வந்துட்டான்னு சொல்லிடுவோம் தம்பி. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். வாயில் வெற்றிலை. பேசும்போது என் சட்டையில் தெறித்தது. அதைத் துடைத்துக்கொண்டே வாசல்வரை போய் அவரை அனுப்பிவைத்தேன்.

துரை எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். எத்தனை செடியில் உட்காரவைத்தாய் என்றார். "நாப்பதுங்க சேர்" என்றேன். உண்மைதானே! செடிக்குச் செடி இரண்டடி என்று உத்தரவு போட்டவரே அவர்தான். அவருக்கு அது தோன்றவில்லையா, தோன்றியும் பேசாமலிருந்தாரா, எனக்குத் தெரியாது. ஆள் நகர்ந்தானா என்று கேட்டார். டீமேக்கர் என்னைப் பார்த்தார். "நகர்ந்திருக்கலாங்க" என்றேன்.

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. ஒற்றைக் கண்ணோடு சரிவில் நின்று கவ்வாத்துக் கத்தி வீச முடியாது. சொன்ன இடத்தில் இருக்கத் தெரியாதவனைக் கங்காணியாக்கவும் முடியாது. அவரை ஸ்டோர் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள், டீமேக்கருக்குக் கீழே. "நான்தான் தொரைகிட்டப் பேசி எடுத்துக் குடுத்தேன்" என்று டீமேக்கர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருக்கும். துப்ப எனக்கென்ன யோக்கியதை?

நாலைந்து மாதம் கழித்து ஒரு வேலையாக ஸ்டோருக்குப் போனேன். அவர் கூட்டிக்கொண்டிருந்தார். இருந்த ஒரு கண்ணின் இமையிலும் தேயிலைத் தூசி. பக்கத்தில் யாருமில்லை.

"அன்னைக்கு நீ நகரலன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஆமாங்க. நகரல" என்றார். விளக்குமாற்றைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "உக்காரச் சொன்னப்பவே கிட்டத்துல இருக்கோம்னு பட்டுச்சுங்க. அந்த மலைல நானும்தானே நாத்து நட்டேன். ரெண்டடின்னு தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"கயிறு புடிச்சு அளந்ததே நீங்கதானே ஐயா. ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகாவது துரையிடம் போயிருக்கலாம். ஆபீஸ் ஸ்டோரிலிருந்து கூப்பிடு தூரம். நான் அசையாமல் அங்கேயே நின்றேன். அவர் கூட்டிக்கொண்டே என் பக்கம் வந்தார். "காலைக் கொஞ்சம் எடுங்க ஐயா" என்றார். எடுத்தேன்.