சாட்டைக்காக ஒரு தவக்காலம்

பந்தல்குடி சிலுவைமுத்து லாரிக்குப் பருத்தி மூட்டை ஏற்றுகிறவர். வேலைக்கு நாகா வைப்பார். சாராயக் கடைக்கு வைத்ததே இல்லை. அப்பேர்ப்பட்டவர் 1986ஆம் வருடத் தவக்காலத்தில் குடியை விட்டார். பக்தியால் அல்ல, பழிவாங்க.

மனைவி மரியசெல்வியின் அண்ணன் லாரன்ஸ், ஊரே பார்க்க ஒரு கல்யாணப் பந்தியில், "குடிகாரப் பயலுக்கு எவன்டா எலை போட்டது?" என்று அவரைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். அந்த லாரன்ஸ்தான் பெரிய வெள்ளி நாடகத்தில் வருடாவருடம் இயேசு. இயேசுவைச் சாட்டையால் அடிக்க ஒரு சேவகன் வேண்டும். அந்த வேடத்தைச் சிலுவைமுத்து கேட்டார்.

"தவக்காலம் முழுக்கக் குடிக்காம, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தா தாரேன்" என்றார் பங்குச்சாமியார்.

இருந்தார். ராத்திரி அரைவயிற்றுக் கஞ்சி, அவ்வளவுதான். சாராயம் எழுந்து போன இடத்தில் தலைவலி வந்து உட்கார்ந்தது. பெட்டிக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கடலை தின்பதுபோல் தின்றுகொண்டு, வீட்டு வேப்பமரத்தைச் சாட்டையால் விளாசிப் பழகினார்.

"மரம் என்னங்க பண்ணுச்சு?"

"அது மரமில்லடி, ஒங்கண்ணன்."

குருத்தோலை ஞாயிறன்று கண் மஞ்சளாகி, வாந்தியெடுத்துச் சாய்ந்தார். ஒத்திகையிலிருந்து அங்கியும் ஒட்டுத்தாடியுமாக ஓடிவந்த லாரன்ஸ்தான் தோளில் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். மதுரை போய்ச் சேருவதற்குள் பஸ்ஸில் ரெண்டு கிழவிகள் அவரைக் கும்பிட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் மரியசெல்வியிடம் விளக்கினார். "ஈரல் இந்த மாத்திரைய முக்காவாசி சாதுவாக்கி மூத்திரத்துல அனுப்பிரும்மா. கொஞ்சம் மட்டும் வேற வழியில போயி விஷமாகும். அத முறிக்கிற சரக்கும் ஈரல்லயே இருக்கு. குடிச்சுக் குடிச்சு அந்த விஷ வழிய இவரு அகலப்படுத்திட்டாரு. பட்டினி கெடந்து முறிக்கிற சரக்கையும் தீத்துட்டாரு. முன்னயாவது சாராயம் அந்த வழிய அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. நிறுத்துனதும் ரோடு காலி. அந்த நேரம் பாத்து மாத்திரைய அள்ளிப் போட்டிருக்காரு."

பிழைத்து எழுந்ததும் சிலுவைமுத்து கேட்ட முதல் கேள்வி: "அப்ப குடிச்சுக்கிட்டே திங்கலாமா டாக்டரு?"

"திங்கலாம். நேரா கல்லறைக்குப் போயிரலாம். இனி குடியும் கூடாது, என்னையக் கேக்காம மாத்திரையும் கூடாது."

பெரிய வெள்ளி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கழிந்தது. சாட்டையை வேறொருவன் வீசினான். ஈரலுக்கு அழாத மனுஷன் அதற்கு அழுதார்.

அடுத்த வருடம், எலும்பும் தாடியுமாகப் பூசைக்கு வந்தவரைப் பங்குச்சாமியார் மேலும் கீழும் பார்த்தார். இயேசு வேடம் இவருக்குத்தான் என்று தீர்த்துவிட்டார். லாரன்ஸ் மறுபேச்சில்லாமல் அங்கியைக் கழற்றிக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சாட்டை. தோலுரிந்த வேப்பமரத்தை அவரும் பார்த்திருந்தார்.

முதல் அடியே நிஜமாக விழுந்தது.

"மச்சான், வலிக்குது!" என்று முனகினார் இயேசு.

"பொறுத்துக்க மாப்ளே. ஒனக்குத்தான் மாத்திரை ஆகாதுல்ல" என்று சேவகன் கையை ஓங்கினான்.